வாத்துத் தீவனத்தில் பணம் எங்கே கரைகிறது?

கோழி, வாத்து வளர்ப்பில் ஆகும் மொத்தச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போய்விடுகிறது. பெரிய பண்ணைக்கும் இதே நிலைதான், கொல்லையில் பத்து உருப்படி வைத்திருப்பவருக்கும் இதே நிலைதான். செலவைக் குறைக்க நினைக்கிறவர்கள் முதலில் கை வைப்பது தீவன மூட்டையில். விலை குறைந்த மூட்டைக்கு மாறுகிறார்கள்; அசோலா என்ற நீர்த்தாவரத்துக்குத் தொட்டி கட்டுகிறார்கள்; தானியத்தை முளைகட்டிப் போடுகிறார்கள்; புழு வளர்க்கிறார்கள். இவற்றில் சில உண்மையாகவே கைகொடுக்கும். சில வெறும் மனத்திருப்தி. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இது எந்தச் சத்துக்குப் பதிலாக நிற்கிறது, எத்தனை கிராம்?

முட்டையிடும் கோழி ஒன்று நாளுக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். முட்டையிடும் வாத்துக்கு 150 முதல் 180 கிராம் வேண்டும். அந்தத் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கு எல்லாம் சுலபம்.

மண் தருவது எவ்வளவு?

அவிழ்த்துவிட்ட பறவை தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். புல் நுனி, களை விதை, கரையான், மண்புழு, வெட்டுக்கிளி, நத்தை, சிந்திய தானியம் எல்லாம் காசில்லாத தீனி. ஆனால் ஒரு தோட்டம் ஒரு நாளில் தரக்கூடிய இரைக்கு எல்லை உண்டு. 5 கோழிக்குத் தாராளமாக இருக்கும் இடத்தில் 15 கோழியை விட்டால் இரை மும்மடங்காகிவிடாது. தலைக்குக் கிடைப்பதுதான் மூன்றில் ஒன்றாகும். இன்னும் கொஞ்ச நாளில் புல் வேரோடு போய், தரை மொட்டையாகி, பூச்சிகளுக்கு ஒதுங்க இடமில்லாமல் அந்த மூன்றில் ஒன்றும் இல்லாமல் போகும். "மேய்ச்சலில் விட்டுத்தான் வளர்க்கிறேன், ஆனாலும் தீவனச் செலவு குறையவில்லை" என்பவர்களில் பலருக்கு இடம் இருக்கிறது. இடத்துக்குத் தக்க எண்ணிக்கைதான் இல்லை.

மேய்ச்சல் போதுகிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பொழுது சாய்ந்து கோழி அடைந்த பிறகு அதன் மார்பின் வலப்பக்கம், கழுத்து சேரும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கேதான் தீனிப்பை இருக்கிறது. எலுமிச்சை அளவுக்குத் திரண்டு கெட்டியாக இருந்தால் வயிறார மேய்ந்திருக்கிறது. தளர்ந்து தோலாகத் தொங்கினால் இராத் தீனி கட்டாயம் வேண்டும். வாத்துக்கு இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது. அதற்குக் கோழியைப் போலத் தனிப் பை கிடையாது, உணவுக்குழாய்தான் கொஞ்சம் அகன்றிருக்கும். வாத்தைக் கையில் தூக்கி நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும். எலும்பின் இருபுறமும் சதை வற்றி விளிம்பு கூர்மையாகத் தட்டுப்பட்டால் பல நாளாகவே தீனி போதவில்லை என்று பொருள்.

மேய்ச்சலில் எல்லாச் சத்தும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதும் முக்கியம். மழைக்காலத்தில் பச்சையும் புழு பூச்சியும் பெருகும். புரதமும் வைட்டமினும் ஓரளவு கிடைத்துவிடும். குறைவது மாவுச்சத்து, அதாவது எரிசக்தி. அப்போது மாலையில் ஒரு கைப்பிடி தானியம் போட்டால் சரியாக இருக்கும். வறண்ட காலத்தில் நிலைமை தலைகீழ். பூச்சி அற்றுப்போகும், புல் நார் தட்டிவிடும். உதிர்ந்த விதைகளிலிருந்து கொஞ்சம் எரிசக்தி கிடைக்கும், புரதம் கிடைக்காது. அந்தச் சமயத்தில் தானியத்தை எவ்வளவு கொட்டினாலும் முட்டை வராது, கொழுப்புதான் ஏறும். அப்போது வேண்டியது புண்ணாக்கோ மீன்தூளோ. வருஷம் முழுக்க ஒரே தீனியை ஒரே அளவில் போடுகிறவர், பாதி வருஷம் தேவையில்லாத சத்துக்குக் காசு கொடுக்கிறார்.

ஒரே இடத்தை வெவ்வேறு இனம் வெவ்வேறு விதமாக மேயும். கோழி காய்ந்த தரையைக் கிளறும். வெயிலில் சுறுசுறுப்பாக இருக்கும். வாத்து ஈரத்தைத் தேடிப் போகும். விடியலிலும் அந்தியிலும், மழை விட்ட சேற்றிலும் நத்தையும் புழுவும் பொறுக்கும். அலகின் ஓரத்தில் உள்ள சீப்புப் பற்களால் நீரை வடித்துச் சின்ன உயிரிகளைப் பிடிக்கும். ஆகவே 10 கோழிக்குப் பதில் 5 கோழியும் 5 வாத்தும் இருந்தால் அதே நிலத்தில் போட்டி குறையும். கூஸ் எனப்படும் பெருவாத்து புல்லையே முக்கிய உணவாகக் கொள்ளும். நல்ல இளம்புல் இருக்கும் இடத்தில் மிகக் குறைந்த தீவனத்தில் வளர்வது அதுதான். கின்னிக்கோழி பூச்சிக்காக வெகுதூரம் அலையும்; அது அடுத்தவர் தோட்டம்வரை போனால் வரும் சண்டைக்கு நான் பொறுப்பில்லை.

இனம் தேர்ந்தெடுப்பதும் தீவனக் கணக்குதான். இந்தியன் ரன்னர், காக்கி கேம்பல் போன்ற லேசான வாத்துகள் நடந்து மேய்ந்து முட்டையிடும். பெக்கின் இறைச்சிக்கென்று உருவான கனத்த வாத்து. தீவனத் தட்டை விட்டு அதிகம் நகராது.

அலகிலிருந்து தண்ணீருக்கு

வாத்து தின்பதை ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். உலர்ந்த மாவுத் தீவனத்தை அலகு நிறைய அள்ளும். அது தொண்டையில் இறங்காது, அலகின் உள்ளே பசையாக அப்பிக்கொள்ளும். உடனே தண்ணீர்த் தொட்டிக்கு ஓடி அலகை முக்கி உதறும். அள்ளியதில் ஒரு பங்கு வயிற்றுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு வழியெல்லாம். சற்று நேரத்தில் தொட்டி கூழாகிவிடும். வெயிலில் அது புளித்து நாறும், நாம் கொட்டிவிடுவோம். கொட்டுவது தண்ணீர் மட்டுமல்ல, அரைத்த தானியமும் புண்ணாக்கும் சேர்ந்துதான்.

இதற்காகத் தண்ணீரை எடுத்துவிடவும் கூடாது. வாத்துக்குத் தின்னும்போது பக்கத்தில் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் விக்கிக்கொள்ளும். மூக்குத் துளை முங்கும் ஆழத்திலும் இருக்க வேண்டும். செய்யக்கூடியது, தீவனத்தின் வடிவத்தை மாற்றுவது. பெல்லட் எனும் குச்சித் தீவனம் அலகில் ஒட்டாது, சிந்தினாலும் பொறுக்கித் தின்னும். மாவுத் தீவனம்தான் இருக்கிறது என்றால் கொஞ்சம் நீர் தெளித்துப் பிசையுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாகி, விட்டால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில் காலையும் மாலையும், கால் மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும் வையுங்கள். மிஞ்சிய ஈரத் தீவனத்தை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது.

கோழிகள் தண்ணீரில் கரைக்காது, வாரி இறைக்கும். தீவனத் தட்டின் விளிம்பைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, தட்டில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பினால் இறைப்பது பெருமளவு நின்றுவிடும். இதற்கு ஒரு காசு செலவில்லை. எந்த மலிவுத் தீவனமும் இவ்வளவு சீக்கிரம் பலன் காட்டாது என்பது என் எண்ணம்.

அடுத்தது எலி. வளர்ந்த எலி ஒன்று நாளுக்கு 20 முதல் 30 கிராம் தின்னும். 10 எலி சேர்ந்தால் 2 கோழியின் பங்கு போயிற்று. அது கெடுத்து வைக்கிறது அதற்கு மேல். இரவில் தட்டை உள்ளே எடுத்து வைப்பதும், மூட்டையை மூடியுள்ள தகரப் பீப்பாயில் கொட்டி வைப்பதும் தீவனச் சேமிப்புதான்.

பச்சையாகப் பார்த்தால் மலை, காய்ந்தால் கடுகு

அசோலாவைப் பற்றி இணையத்தில் சொல்லப்படுவதில் பாதி உண்மை. அது நீரில் மிதக்கும் சிறு பெரணி. அதன் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் நைட்ரஜன் உரமின்றியே புரதம் சேர்க்கும். காய்ந்த எடையில் 20 முதல் 30 சதவீதம் புரதம். சில நாட்களிலேயே இரட்டிப்பாகும். எல்லாம் சரி. ஆனால் பச்சை அசோலாவில் 93, 94 சதவீதம் தண்ணீர்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1 கிலோ பச்சை அசோலாவில் சுமார் 60 கிராம்தான் உலர்பொருள். அதில் 25 சதவீதம் என்றால் 15 கிராம் புரதம். முட்டையிடும் வாத்துக்கு நாளொன்றுக்கு 27 கிராம் அளவில் புரதம் தேவை. அசோலாவை மட்டுமே வைத்து இதை ஈடுகட்ட அந்த வாத்து 1.8 கிலோ தின்ன வேண்டும், கிட்டத்தட்டத் தன் எடைக்கு எடை. வயிறு அதற்கு இடம் கொடுக்காது. 200 கிராம் கொடுத்தால் 3 கிராம் புரதம் மிச்சம். கூடவே பச்சையிலிருந்து கிடைக்கும் நிறமிகளால் கரு நல்ல மஞ்சளாகும். அது நல்ல லாபம்தான். தீவனச் செலவைப் பாதியாக்கும் என்பது மட்டும் நடக்காத காரியம். குளத்தில் பச்சைப் பொட்டுகளாக மிதக்கும் வாத்துப்பாசிக்கும் இதே கணக்குதான். சத்துள்ள நீரில் அதன் உலர்பொருளில் புரதம் 35 சதவீதத்தைத் தாண்டும், வெறும் நீரில் பாதிக்கும் கீழே இறங்கும். கழிவுநீரில் வளர்ந்தது கன உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும் என்பதால் தொடாமல் விடுவது நல்லது. இரண்டையும் வாத்து எட்டாத தனித் தொட்டியில் வளர்க்க வேண்டும். குளத்திலேயே விட்டால் விதைக்குக்கூட மிச்சம் வைக்காது.

முளைகட்டிய தானியத்தில் ஏமாற்றம் இன்னும் அதிகம். 1 கிலோ தானியம் 6 கிலோ பசுந்தழையாகிறது என்கிறார்கள். கூடியது தண்ணீர். முளைக்கும் விதை தன் மாவுச்சத்தையே எரித்து வளர்வதால், உலர் எடையில் பார்த்தால் தொடங்கியதைவிடக் குறைந்துதான் இருக்கும். பச்சைப் புல்லே கிடைக்காத காலத்தில் வைட்டமினுக்காகக் கொஞ்சம் முளைகட்டலாம். சிக்கனத்துக்காக என்றால் அர்த்தமில்லை.

புழுவில்தான் கணக்கு மாறுகிறது. கருப்பு சிப்பாய் ஈ என்ற ஈயின் புழு, காய்கறிக் கழிவைத் தின்று வளரும். உலர்ந்த எடையில் 40 சதவீதம் புரதமும் 30 சதவீதம் வரை கொழுப்பும் உண்டு. தண்ணீர் மூன்றில் இரண்டு பங்குதான். 100 கிராம் புதுப் புழுவில் 13 கிராம் அளவுக்குப் புரதம், அதாவது ஏறக்குறைய 900 கிராம் அசோலாவுக்குச் சமம். முதிர்ந்த புழு காய்ந்த இடம் தேடித் தானாகவே ஏறி வெளியே வரும். சரிவான பலகை ஒன்றை வைத்தால் அதில் ஊர்ந்து வந்து வாளியில் விழும். வெப்பம் குறைந்தால் வளர்ச்சி மந்தமாகும் என்பதுதான் குறை. செத்த பிராணியில் மொய்க்கும் புழுவை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள். அதில் பொட்டுலிசம் நச்சு சேர்ந்திருக்கும்; கழுத்து துவண்டு, தலையைத் தூக்க முடியாமல் பறவை செத்துப்போகும். மேய்ச்சல் இடத்தில் எது செத்துக் கிடந்தாலும் உடனே புதைத்துவிட வேண்டும்.

சொந்தமாகக் கலப்பவர்களுக்கு

தானியமும் புண்ணாக்கும் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வீட்டிலேயே கலப்பது லாபம். விகிதம் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மக்காச்சோளத்தில் 9 சதவீதம், சோயாப் புண்ணாக்கில் 44 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொள்வோம். வேண்டியது 16. தானியத்துக்கும் இலக்குக்கும் இடைவெளி 7, புண்ணாக்குக்கும் இலக்குக்கும் இடைவெளி 28. இடைவெளிகளைக் குறுக்காக மாற்றினால் 7 பங்கு புண்ணாக்கு, 28 பங்கு தானியம். அதாவது 1 கிலோவுக்கு 4 கிலோ. வேறு பொருள் கிடைத்தாலும் இதே முறைதான்.

ஆனால் புரதத்தின் அளவு மட்டும் போதாது. லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் குறைந்தால் மீதிப் புரதம் வீண். தானியத்தில் லைசின் குறைவு, சோயாவில் மெத்தியோனின் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் நன்றாக இருக்கும், லைசின் போதாது. மீன்தூளில் இரண்டும் உண்டு. அளவு மீறினால் முட்டையில் வாடை வரும். ஆகவே ஒரே புண்ணாக்கைப் பிடித்துக்கொண்டிராமல் இரண்டைக் கலப்பது நல்லது. பச்சைச் சோயாவை அரைத்துக் கலக்கக் கூடாது. செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது, வறுத்தால்தான் போகும். பருத்திப் புண்ணாக்கிலுள்ள காஸிபால் முட்டைக் கருவைப் பச்சையாகக் கறுக்கவைக்கும். எண்ணெய் எடுக்காத தவிடு மலிவு, ஆனால் அரைத்த நாளிலிருந்தே சிக்கு வாடை பிடிக்கத் தொடங்கும். புதிதாக வாங்கிச் சீக்கிரம் தீர்க்க வேண்டும்.

கடைத் தீவனத்தோடு தானியம் சேர்த்து 'நீட்டிக்க' நினைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 16 சதவீதப் புரதமுள்ள முட்டைக்கோழித் தீவனம் 70 பங்கு, மக்காச்சோளம் 30 பங்கு என்று கலந்தால் புரதம் 14க்கு இறங்கும், கால்சியம் மூன்றரையிலிருந்து இரண்டரை ஆகும். மழைக்கால மேய்ச்சல் அந்தப் பள்ளத்தை நிரப்பலாம். கூண்டிலோ மொட்டைத் தரையிலோ இருக்கும் பறவைக்கு முட்டை குறைவதுதான் மிச்சம்.

கால்சியத்தைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். ஒரு முட்டை ஓட்டுக்கு 2 கிராம் அளவு கால்சியம் போகிறது. முட்டையிடும் பறவை தேவைக்குத் தானே எடுத்துக்கொள்ளும். உடைத்த கிளிஞ்சல் போதும். சமையலறை முட்டை ஓட்டைச் சூடுபடுத்தி நொறுக்கியும் வைக்கலாம். எல்லோருக்கும் பொதுவான தீவனத்தில் கலந்தால் குஞ்சுகளின் சிறுநீரகம் கெடும். அரவைப்பைக்குத் தேவையான பொடிக்கல் வேறு, கிளிஞ்சல் வேறு. முன்னது கரையாமல் நின்று தானியத்தை அரைக்க, பின்னது கரைந்து ஓடாக. மண்ணில் மேய்பவை பொடிக்கல்லைத் தாமே பொறுக்கிக்கொள்ளும்.

வாத்துக் குஞ்சுக்கு ஒரு தனித் தேவை இருக்கிறது: நியாசின் என்ற பி வைட்டமின். தீவனத்தில் கிலோவுக்கு 55 மில்லிகிராம் வேண்டும். கோழிக் குஞ்சுக்கு 35 போதும். தானியத்திலுள்ள நியாசின் பெரும்பாலும் பிணைந்த நிலையில் இருப்பதால் உடம்பில் சேராது. கோழிக்குஞ்சுத் தீவனத்தையே போட்டு வளர்க்கும்போது சில வாத்துக் குஞ்சுகள் கால் வளைந்து, முட்டி வீங்கி உட்கார்ந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் காய்ச்சப் பயன்படும் ஈஸ்ட்) கலந்தால் தீரும். இங்கே மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். முதல் சில வாரங்களில் குஞ்சு தின்பதே கொஞ்சம்தான்.

பூசணம் பிடித்தது, மிஞ்சியது

1960ல் இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. என்ன நோய் என்று புரியாததால் 'எக்ஸ் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். வாத்துக் குஞ்சுகளும் அதில் மடிந்தன. தேடிப்போனதில் தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் புண்ணாக்கு சிக்கியது. அதில் வளர்ந்த பூசணம் உண்டாக்கிய நச்சுக்குத்தான் பிறகு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வந்தது. கோழியைவிடப் பல மடங்கு எளிதில் வாத்து இதற்குப் பலியாகும். அந்த நச்சைக் கண்டறியும் சோதனைக்கே வாத்துக் குஞ்சுகளைப் பயன்படுத்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வேகவைத்தாலும் நச்சு போகாது. நனைந்த மூட்டை, கட்டி தட்டிய புண்ணாக்கு, 'பறவைக்குத்தானே' என்று பாதி விலைக்குக் கிடைக்கும் கெட்ட தானியம் எதையும் வாத்துக்குப் போடக் கூடாது. கோழிக்குத் தள்ளிவிடுவதும் சரியல்ல.

சமையலறை மிச்சத்தைப் போடலாமா? நோய் பரவும் என்பதால் சில நாடுகளில் சட்டமே தடுக்கிறது. உங்கள் இடத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி உள்ள இடத்தில் காய்கறித் தோலும் பழமும் வெந்த தானியமும் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். உப்பு அதிகமுள்ளது, பச்சைப் பிடித்த உருளைக்கிழங்கு, வேகாத காய்ந்த பயறு, வெண்ணெய்ப்பழம் ஆகாது. ரொட்டி வயிற்றை நிரப்பும், வேறொன்றும் தராது.

தின்று சும்மா இருப்பவை

5 பெட்டை வாத்து வாரத்துக்கு 25 முட்டை இடுகின்றன, கூட 2 ஆண் வாத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு நாளுக்கு 160 கிராம். 7 வாத்தும் வாரத்தில் 7.84 கிலோ தின்கின்றன. ஒரு முட்டைக்கு 314 கிராம் தீவனம். ஆண் வாத்து இல்லாவிட்டால் ஒரு முட்டைக்கு 224 கிராம்தான். முட்டையிட ஆண் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை. அதற்கும் 5, 6 பெட்டைக்கு ஒன்று போதும். வயதாகி முட்டை நின்றவற்றை என்ன செய்வது என்பது அவரவர் மனதைப் பொறுத்தது. வைத்துக்கொள்வதானால் அவற்றுக்கு விலை கூடிய முட்டைத் தீவனம் தேவையில்லை.

இறகு உதிர்க்கும் காலத்தில் மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்காதீர்கள். முட்டை நின்றுவிட்டதே என்று பலர் அப்போது வெறும் தானியத்துக்கு மாறிவிடுகிறார்கள். ஆனால் இறகில் 85 சதவீதத்துக்கு மேல் புரதம்தான், அதைப் பறவை முழுதாகப் புதிதாய் முளைக்கவைத்தாக வேண்டும். கால்சியத்தைக் குறைக்கலாம், புரதத்தைக் குறைக்கக் கூடாது. புழுத் தொட்டி வைத்திருப்பவர்கள் அந்தச் சில வாரங்களுக்கென்று கொஞ்சம் உலர்த்திச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.